ஒரே ரோட்டில் மூன்று கம்பஸ்: முகாமைத்துவம் படிக்கக் கிட்டப் போவதா, தூரப் போவதா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில் பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒரு சி.ஆர். கொப்பியோடு வந்து நின்றாள். ஏ.எல். வணிகப் பிரிவு. கணக்கீட்டில் ஏ, மற்ற இரண்டிலும் பி. நடுப்பக்கத்தில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘கிட்ட’, மறுபக்கம் ‘தூரம்’ என்று எழுதியிருந்தாள். கிட்ட என்பதற்குக் கீழே பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, சப்ரகமுவ. தூரத்துக்குக் கீழே கொழும்பு, ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்கு. “எந்தப் பக்கம்க்கா?” என்றாள். அவள் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை, ஆனால் காது முழுக்க எங்கள் பக்கம்.

நான் தூரத்துப் பக்கம் போனவள். தலவாக்கலையிலிருந்து வந்தாறுமூலை. எங்கள் வீட்டில் அதை இந்தியாவுக்கே போவது போலப் பேசினார்கள். உண்மையில் நுவரெலியாவுக்கு வந்துவிட்டால் பிறகு ஒரே ரோடுதான். பேராதனையில் தொடங்குகிற ஏ5 வீதி கம்பளை, புசல்லாவை, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்குப் போய், பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். நடுவே, பதுளை பசறை ரோட்டில் ஊவா வெல்லஸ்ஸ. முடிகிற செங்கலடிக்குக் கொஞ்சம் வடக்கே, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். பதுளையில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறினால் பிபிலைக்குப் போவதற்குள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டிவரும். அந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் ‘வெளியே வந்துவிட்டோம்’ என்று தோன்றும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இணையத்தில் தேடினால், சொந்த மாநிலத்தில் படித்தால் கட்டணம் குறைவு, வெளி மாநிலத்தில் படித்தால் இரண்டு மூன்று மடங்கு என்று அமெரிக்கக் கணக்கு நிறைய வரும். தங்கச்சியும் அதைப் பார்த்துப் பயந்திருந்தாள். நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் அப்படி எதுவும் இல்லை. பேராதனையில் படித்தாலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற ஒலுவிலில் படித்தாலும் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. இங்கே மாவட்டம் விலையைத் தீர்மானிப்பதில்லை. உள்ளே போகிற கதவை அதுதான் தீர்மானிக்கிறது.

கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் முழு நாட்டுக்கும் பொதுவான திறமை வரிசையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைக்கு ஏற்ப. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. அதாவது, ஒரே இஸட் ஸ்கோர் (ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணக்கிடுகிற தரப் புள்ளி) எடுத்த இரண்டு தோட்டத்துப் பிள்ளைகளில் ஹட்டனில் படித்தவளுக்குக் கிடைத்த கோர்ஸ் கண்டியில் படித்தவளுக்குக் கிடைக்காமல் போகலாம். ‘கண்டியில் நல்ல டியூஷன் இருக்கிறது’ என்று ஓ.எல். முடிந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றுகிற பெற்றோர் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது. வெட்டுப்புள்ளி, அதாவது உள்ளே போகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒவ்வொரு கம்பஸுக்கும் தனித்தனியாக, மாவட்டவாரியாக வெளியிடப்படுகிறது. பக்கத்து மாவட்டத்து அக்காவின் புள்ளியைக் கேட்டுவிட்டுக் கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை. உங்கள் மாவட்டத்து நிரலைப் பாருங்கள்.

அடுத்து, ‘கிட்ட’ என்கிற சொல். ஹட்டன் பிள்ளைக்குச் சொந்த மாகாணத்தில் இருப்பது பேராதனை ஒன்றுதான். பதுளை ஊவா மாகாணம், பெலிஹுல்ஓயாவுக்குப் பக்கத்தில் பம்பஹின்னவில் இருக்கிற சப்ரகமுவ பல்கலைக்கழகம் இரத்தினபுரி மாவட்டம். வரைபடத்தில் எல்லாம் ஒரே மலைதான். பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும். ஹட்டனிலிருந்து பெலிஹுல்ஓயாவுக்குப் போவதை விடக் கொழும்புக்குப் போவது லேசு: கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று ஒரே பஸ்ஸில் இறங்கிவிடலாம். மாகாணம் வேறாக இருந்தும், ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் இருக்கிற கங்கொடவிலை பல பிள்ளைகளுக்குப் பதுளையை விடக் கிட்ட. அதிலும் ஒரு வினோதம்: விடுதி கொடுக்கும்போது தூரத்தையும் வீட்டு வருமானத்தையும் பார்க்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து வருகிறவள் தூரம் என்று கணக்கில் வருவாள். பொகவந்தலாவை மேல்பிரிவிலிருந்து பேராதனைக்குப் போகிறவள் காகிதத்தில் கிட்டத்துப் பிள்ளை. அவள் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து, ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாவலப்பிட்டி வழியாக இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது முதல் லெக்சர் முடிந்திருக்கும். தினமும் போய்வருகிற கதையெல்லாம் நடக்காது. கிட்ட என்றாலும் போர்டிங்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மண்சரிவில் மலையகப் பாதைகள் பல இடங்களில் துண்டுபட்டன, ரயிலும் நின்றது. அந்த நாட்களில் எல்லா ஊரும் தூரம்.

காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இரண்டு பக்கத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. 2025 வரை இருந்த அந்தக் கணக்கில் மாதம் 20 பேர் (வேலைநாள்) விழுந்தால் 27,000. ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) 8 வீதம் 2,160 கழிந்தால் 24,840. சங்கச் சந்தா, கோயில், கடைக் கடன் எல்லாம் அதற்குப் பிறகு. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொலப் புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ஆக்கப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்கான உதவித்தொகை 6,500. இந்தக் காசு சாப்பாட்டுக்கே இழுபறி, ஆனால் வருகிற காசு. சிக்கல் என்னவென்றால் கம்பஸ் தொடங்கிய உடனே அது வராது, சில மாதம் பிந்தும். ஆகவே கிட்டவோ தூரமோ, முதல் மூன்று மாதத்துக்கு வேண்டிய காசைத் தனியாக வைத்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. பயணச் செலவில் ஒரு வித்தியாசம் உண்டு. தூரத்துப் பிள்ளை தீபாவளி, பொங்கல், பரீட்சை லீவு என்று வருடத்தில் நாலைந்து தடவை வருவாள். கிட்டத்துப் பிள்ளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரப் பார்ப்பாள். வருடக் கடைசியில் யார் பஸ்ஸுக்கு அதிகம் கொடுத்தார்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

இனி நான் உண்மையில் பேச விரும்புகிற விஷயம்: மொழி.

முகாமைத்துவப் பட்டம் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்ப் பகுதியில் இருக்கிற கம்பஸுக்குப் போனால் தமிழில் படிக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் வாரமே ஏமாந்துபோவார்கள். லெக்சர், அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் ஆங்கிலம். அந்த விஷயத்தில் கிட்டவும் தூரமும் சமம். வித்தியாசம் லெக்சர் முடிந்த பிறகு தொடங்குகிறது. கன்டீனில், விடுதியில், குரூப் அசைன்மென்டுக்கு வட்டமாக உட்காரும்போது என்ன மொழி? வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ். பேராதனையிலும் பதுளையிலும் பம்பஹின்னவிலும் பெரும்பாலும் சிங்களம்.

எனக்கு வந்தாறுமூலை லேசாக இருந்தது. லெக்சரில் புரியாததை வெளியே வந்து தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் இருந்தது. செலவுக் கணக்கீட்டில் மேந்தலையை (பொதுச் செலவை) பங்கிடுகிற கணக்கு ஒன்று எனக்கு மண்டையில் ஏறவேயில்லை. ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி ஒரு இராத்திரி முழுக்க, சோற்றுப்பானையை ஆலை என்று வைத்து, விறகுச் செலவை யார் யார் தலையில் போடுவது என்று கேட்டுக் கேட்டு அதைப் புரியவைத்தாள். போர்டிங் அம்மா ‘மறுகா வாங்க புள்ள’ என்றால் ‘பிறகு வா’ என்று அர்த்தம் என்பது தெரிய இரண்டு வாரம் ஆனது. அதைத் தவிர மொழியில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நல்ல வகுப்போடு பட்டம் கிடைத்தது. சங்கத்தில் செயலாளராக இருந்தேன், மேடையில் பேசினேன். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. லயத்திலிருந்து தலையைக் குனிந்தபடி போன பிள்ளை தலை நிமிர்ந்து திரும்பினாள்.

பிறகு கொழும்பில் ஒரு கம்பனிக்கு இன்டர்வியூ போனேன். ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எழுந்து வரும் நேரம், மேசையின் ஓரத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் என் ஊர் எங்கே, அங்கே இப்போது மழையா என்று கேட்டார். கேள்வி விளங்கியது. வாயில் வந்தது ‘ஒவ்’ (ஆமாம்) மட்டும். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி, வாடிக்கையாளரோடு போனில் பேசுவது. கடிதம் வரவில்லை. கடைசியில் நான் சிங்களம் கற்றுக்கொண்டது 27 வயதில், நாவலப்பிட்டியில் ஒரு லீசிங் கவுன்டருக்குப் பின்னால், தவணை கட்டப் பிந்திய முச்சக்கரவண்டிக்காரர்களிடம் திட்டு வாங்கி வாங்கி. நல்ல வாத்தியார்கள்.

என் மாமா மகன் நேர்மாறு. பேராதனை போனான். முதல் வருடம் கன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். குரூப் வேலையில் அவனுக்கு எப்போதும் டைப் பண்ணுகிற பங்கு, பேசுகிற பங்கு இல்லை. இரண்டாம் வருடம் ஒரு பாடத்தில் கோட்டை விட்டான். மாமி அவனைத் திருப்பிக் கூப்பிட்டுவிடலாமா என்று என்னிடம் அழுதார். மூன்றாம் வருடம் ஹந்தானைப் பக்கம் ஒரு போர்டிங்கில் குருநாகல் பையன்கள் நாலு பேரோடு இருந்தான், கிரிக்கெட் பார்த்தான், சண்டை போட்டான், சிங்களத்தில் பகிடி விடத் தொடங்கினான். அவனுடைய பட்டத்தின் வகுப்பு என்னுடையதை விடக் கீழே. சம்பளம் என்னுடையதை விட மேலே. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த நாலு குருநாகல் பையன்கள்.

வைத்தியமோ விஞ்ஞானமோ என்றால் நான் வேறு மாதிரிச் சொல்வேன். வணிகம் என்பது பேச்சு. மலையகத்தில் கடை வைத்தாலும், வங்கிக் கவுன்டரில் இருந்தாலும், தோட்டக் கம்பனியில் கணக்குப் பார்த்தாலும் மூன்று மொழியில் ஒரு நாள் ஓடுகிறது. ஆகவே என் அளவுகோல் தூரம் இல்லை: இந்தப் பிள்ளைக்கு எந்த மொழி இல்லை என்பது. ஹட்டன் டவுனில் வளர்ந்து, சிங்களப் பிள்ளைகளோடு வலைப்பந்து ஆடி, சிங்களம் தானாக வருகிறவள் என்றால் கிழக்குக்கோ வடக்குக்கோ தைரியமாகப் போகலாம். நல்ல வகுப்பு எடுப்பாள், இழப்பது ஒன்றும் இல்லை. மேல்பிரிவுத் தோட்டத்தில் வளர்ந்து ‘கொஹொமத’ (எப்படிச் சுகம்) என்பதற்கு மேல் சிங்களம் தெரியாதவள் என்றால் பேராதனையோ பதுளையோ நல்லது. ஒரு நிபந்தனை உண்டு. இங்கிலீஷ், சிங்களம் இரண்டுமே சுத்தமாக இல்லாமல், அதோடு பயந்த சுபாவமும் என்றால், முதல் வருடத்திலேயே படிப்பை விட்டுவிட்டு வருகிற ஆபத்து இருக்கிறது. அப்படி வந்து இப்போது கொழும்பில் புடவைக்கடையில் நிற்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுக்கு வந்தாறுமூலை கிடைத்திருந்தால் பட்டம் எடுத்திருப்பாள். பட்டம் இல்லாத சிங்களத்தை விட, சிங்களம் இல்லாத பட்டம் எவ்வளவோ மேல்.

தமிழ் இடம் என்றாலே சொந்த வீடு என்றும் நினைக்க வேண்டாம். நல்ல மனிதர்கள்தான் அதிகம். ஆனாலும் போர்டிங் தேடிப் போன ஒரு வீட்டில் ‘தோட்டத்துப் பிள்ளையா?’ என்று இழுத்த குரலை நான் மறக்கவில்லை. பகிடிவதையும் எங்கேயும் உண்டு. 1998 இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது, ஆனாலும் முதல் சில மாதம் மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் போக வேண்டும். முறைப்பாடு செய்ய வெட்கப்படக் கூடாது.

இரண்டாவது பெரிய விஷயம் பயிற்சி. கடைசி வருடத்தில் இன்டர்ன்ஷிப் போகிற இடம்தான் பல பேருக்கு முதல் வேலையாகிறது. தேயிலை நம் வீட்டு வாசலில் வளர்கிறது. ஏலம் 1883 முதல் கொழும்பில். 2020 இல் அது இணையத்துக்கு மாறிய பிறகும் புரோக்கர் கம்பனிகள் அங்கேதான். 1992 இல் தோட்டங்களைக் கையில் எடுத்த பிராந்தியக் கம்பனிகளின் தலைமை அலுவலகங்களும் கொழும்பில். வங்கிகளின் தலைமையகம், பெரிய ஓடிட் நிறுவனங்கள் எல்லாம் அங்கே. ஜயவர்தனபுரவிலோ கொழும்பிலோ படிக்கிற பிள்ளை லெக்சர் முடிந்து பஸ் ஏறி சீ.ஏ. (பட்டயக் கணக்காளர்) வகுப்புக்குப் போகிறது. பேராதனைப் பிள்ளைக்குக் கண்டியில் வகுப்பு இருக்கிறது, பயிற்சி பெறச் சில ஓடிட் நிறுவனங்களும் இருக்கின்றன. எங்களுக்கு வந்தாறுமூலையில் அது இன்னும் தூரமாக இருந்தது. இப்போது இணையத்தில் படிக்கலாம் என்பதால் பாதித் தூரம் குறைந்திருக்கிறது. ஓடிட், வங்கி, கம்பனி என்று மனதில் இருந்தால், புள்ளி இடம் கொடுத்தால், கொழும்புப் பக்கம்தான் முதல் தெரிவு. நான் இதைத் தயங்காமல் சொல்வேன். வெட்டுப்புள்ளியும் பொதுவாக அங்கேதான் உயரம்.

பதுளைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஊவா வெல்லஸ்ஸ 2005 இல் தொடங்கிய இளம் பல்கலைக்கழகம். அங்கே இருப்பது வழமையான முகாமைத்துவப் பட்டம் இல்லை. தொழில்முயற்சியாண்மையும் முகாமைத்துவமும், விருந்தோம்பல் சுற்றுலா என்று தொழிலை ஒட்டிய பட்டங்கள். எல்ல, பண்டாரவளைப் பக்கம் நாளைக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் திறக்கிற எண்ணம் உள்ள பிள்ளைக்கு வேறு எங்கும் போகத் தேவையில்லை. சப்ரகமுவவும் சுற்றுலாவுக்குப் பேர் போனது. ஓடிட்டர் ஆக ஆசைப்படுகிறவள் ‘கிட்ட’ என்ற ஒரே காரணத்துக்காக அங்கே போனால் நாலு வருடம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

வேறு வழிகளையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். வேலை செய்துகொண்டே படிக்க வேண்டியவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டம் இருக்கிறது. கண்டி நிலையம் பொல்கொல்லையில். அதற்குக் காசு கட்ட வேண்டும், மன உறுதியும் வேண்டும். கண்டியிலும் பதுளையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். அதைப் படித்து நன்றாக இருக்கிறவர்கள் பலர். இந்திய அரசின் புலமைப்பரிசில்களில் நேரு நினைவுத் திட்டம் வணிகப் பட்டத்துக்கும் உண்டு, போட்டி கடுமை. தனியார் பல்கலைக்கழகங்கள் பற்றிப் பேச, வீட்டில் விற்க ஏதாவது இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் செய்கிற ஒரு பிழையைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியும் பயனில்லை. தெரிவு வரிசையை ‘கிடைக்கக்கூடியதை முதலில் போடு’ என்று யாரோ சொல்லிக்கொடுத்து, அப்படியே நிரப்புகிறார்கள். வரிசையில் மேலிருந்து பார்த்து, உங்கள் புள்ளிக்கு எட்டுகிற முதல் இடத்தைத் தருவார்கள். ஊவாவை முதலில் போட்டு அது கிடைத்துவிட்டால், ஜயவர்தனபுரவுக்குப் புள்ளி இருந்தாலும் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எட்டாத இடத்தை மேலே போடுவதால் நட்டம் ஒன்றும் இல்லை. ஆசை வரிசையில் எழுதுங்கள், பய வரிசையில் எழுத வேண்டாம். ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கவும் முடியாது.

தங்கச்சி கொப்பியில் நடுக்கோட்டை அழித்தாள். ஜயவர்தனபுர, கொழும்பு, பேராதனை என்று எழுதினாள். ஊவா, கிழக்கு இரண்டில் எது மேலே என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அதில் ஒரு முடிவு இல்லை. அவள் சிங்களம் பரவாயில்லை ரகம். அப்போதுதான் வாசல்படியிலிருந்து அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“ராவுல போன் போட்டா, விடியறதுக்குள்ள எந்த எடத்துலருந்து வந்து சேருவா?”

பேராதனையிலிருந்து வருவாள், கொழும்பிலிருந்தும் வருவாள், இராத்திரி பஸ் உண்டு என்றேன். பதுளை என்றால் காலை ரயிலைப் பார்க்க வேண்டும். வந்தாறுமூலையிலிருந்து மத்தியானம் ஆகும். என் அப்பாவுக்கு முடியாமல் போனபோது நான் வந்து சேர்ந்த நேரத்தைத் தங்கச்சியின் அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும், அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

தங்கச்சி நாலாவது வரியில் ஊவா என்று எழுதினாள். பென்சிலால்தான்.